உழைப்பு இங்கே, முதுமை எங்கே?

பெங்களூரின் தென்கோடியில் இருக்கிறது ஆனேக்கல் தாலுகா. அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர், அதாவது தமிழ்நாடு. இங்குள்ள பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் முடியும் நேரத்தில் நின்று பாருங்கள். கன்னடம், தமிழ், தெலுங்கோடு இந்தியும் ஒடியாவும் வங்காளமும் காதில் விழும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இளைஞர்கள் செய்துவந்த பல வேலைகளை இன்று பீகார், ஒடிசா, அசாம் இளைஞர்கள் செய்கிறார்கள்.

காரணம் எளிது. தெற்குக்கு வயதாகிறது. அரசின் மதிப்பீட்டின்படி 2021ல் அறுபதைத் தாண்டியவர்கள் கேரளத்தில் 16.5 சதவிகிதம், தமிழ்நாட்டில் 13.6 சதவிகிதம். பீகாரில் 7.7 மட்டுமே. ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி கர்நாடகத்தில் 1.7, தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3 என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும்.

2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகம் பிள்ளை பெறச் சொன்னார். பதினாறு பெற்றால் என்ன என்று கேட்டார் அன்றைய தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின். ஆனால் இன்று பிறக்கும் குழந்தை சம்பாதிக்க இருபது ஆண்டுகள் ஆகும். ஆனேக்கல் கண்டிருப்பது குறுக்கு வழி: இருபது வயதிலேயே ரயிலேறி வருபவர். பாலுக்கும் பள்ளிக்கும் செலவழித்தது அவருடைய ஊர். உழைப்பின் பலன் கர்நாடகத்துக்கு. அவர் இங்கு வாங்கும் சோப்புக்கும் செல்போனுக்கும் கட்டும் ஜிஎஸ்டியில் மாநிலப் பங்கும் கர்நாடகத்துக்கே.

அப்படியானால் முதுமையின் செலவைக் குடியேற்றம் குறைக்குமா? ஓரளவு குறைக்கும். எவ்வளவு என்பதில்தான் சிக்கல்.

2000ல் ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவு இதைக் கணக்கிட்டுப் பார்த்தது. ஒரு முதியவருக்கு இத்தனை உழைக்கும் வயதினர் என்ற விகிதம் மாறாமல் இருக்க வேண்டுமானால், 2050க்குள் தென்கொரியாவுக்கு மட்டும் சுமார் 510 கோடிப் பேர் குடியேற வேண்டும் என்று விடை வந்தது. அன்று உலக மக்கள்தொகையே ஏறக்குறைய 600 கோடி! விடை இப்படி விபரீதமாக வந்ததற்குக் காரணம் உண்டு. வந்தவர்களுக்கும் வயதாகும். அவர்களைத் தாங்க இன்னும் பலர் வர வேண்டும்.

வளைகுடா நாடுகள் இதற்கு வேறு வழி வைத்திருக்கின்றன. வருபவர் அங்கே முதுமை அடையாமல் பார்த்துக்கொள்கின்றன. விசா முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான். திரும்பியவர்களுக்காகக் கேரளம் 2008ல் தனிச் சட்டம் இயற்றி, நலவாரியம் அமைத்து ஓய்வூதியம் கொடுக்கிறது. செலவு ஒழியவில்லை. கடல் தாண்டி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

விசா இல்லாமலே இந்தியாவுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. நாட்டில் எங்கும் குடியிருக்கும் உரிமையைச் சட்டம் தருகிறது. கூலி தருவதில்லை. ஒரே அறையில் பலர் தங்கி மிச்சம் பிடிக்கும் தொழிலாளி மனைவி மக்களை அழைத்துவர முடியாது. உடல் தளர்ந்ததும் ஊருக்குப் போகிறார். வருங்கால வைப்பு நிதி பிடித்தம் செய்தாலும் மாதாமாதம் ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுச் சேவை தேவை. காண்டிராக்டர் மாறும்போது, ஊருக்குப் போகும்போது பணத்தை எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகளும் போயிற்று. மிச்சம் அரசின் முதியோர் ஓய்வூதியம். தமிழ்நாடு 2023ல் அதை ரூ. 1,200 ஆக்கியது. பீகார் 2025ல்தான் ரூ. 400லிருந்து ரூ. 1,100க்கு வந்தது. வசதியான மாநிலம் இளமையை எடுத்துக்கொள்ள, ஏழை மாநிலம் முதுமையைச் சுமக்கிறது. நாட்டின் மொத்தக் கணக்கில் பைசா மிச்சமில்லை.

வெளியூர்க்காரர்களால் வாடகை ஏறுகிறது, கூலி இறங்குகிறது என்ற உள்ளூர்க்காரர்களின் புகாரை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் அதற்கு மருந்து குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்துவதுதான், விரட்டுவது அல்ல. 1991 காவிரிக் கலவரத்தில் பெங்களூரிலிருந்து ஓடிவந்த தமிழர்களுக்கு இது தெரியும். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, அவர்கள் கிளம்பிவிடுவார்களோ என்று தமிழகத் தொழிலதிபர்கள் பதறியதும் நினைவிருக்கும்.

குடியேற்றம் நமக்குக் கொஞ்சம் அவகாசம் தரும், விதிவிலக்கு தராது. வருபவர் குடும்பத்தோடு தங்க முடிந்தால்தான் அந்த அவகாசம் நீளும். அவருடைய பிள்ளைகள் ஆனேக்கல் பள்ளியில் கன்னடம் படித்தால் நாளை இங்கே வேலை செய்து, இங்குள்ள முதியவர்களையும் தாங்குவார்கள். அதற்கு மலிவு வாடகை வீடும் பள்ளியில் இடமும் வேண்டும். தங்காமல் திரும்புகிறவர்களுக்கு, எத்தனை ஆண்டு உழைத்தார்களோ அத்தனை ஆண்டுக்கான ஓய்வூதியம் ஊர் வரை போய்ச் சேர வேண்டும். பத்தாண்டு விதியைத் தளர்த்துவதிலிருந்து தொடங்கலாம்.