குறையைச் சொல்வது குற்றமாகுமா?



அஞ்சல் தலை, பழைய நாணயம், படஅஞ்சலட்டை ஆகியவற்றைச் சேர்த்து வைப்பது பல இல்லங்களில் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்து சேரும் இனிய பொழுதுபோக்கு. முன்பெல்லாம் இவற்றை வாங்க விரும்புவோர் வணிகரை நேரில் நாடிச் செல்வர்; பொருளைக் கையில் எடுத்து, பூதக்கண்ணாடியால் உற்று நோக்கி, மனம் நிறைந்த பின்பே பணத்தை நீட்டுவர். இன்று பலர் இணையத்தின் வழியாகவே இவற்றை வாங்குகின்றனர். வாங்குபவர் காண்பது ஒரு படத்தை. நம்புவது முன்பின் அறியாத ஒருவரின் சொல்லை.

பொருள் வீடு வந்து சேர்ந்தபின், "இந்த விற்பனையாளர் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார்?" என்று கேட்கப்படுகிறது. எல்லாம் நன்றாக இருந்தால், இரண்டு புகழ்ச் சொற்களை மகிழ்வோடு எழுதிவிடுகிறோம். குறை இருந்தாலோ கை தயங்குகிறது. "போனது போகட்டும், பிறர் பிழைப்பில் நாம் ஏன் மண் போட வேண்டும்?" என்று வாளாவிருந்து விடுகிறோம். இந்தத் தயக்கம் நற்பண்புதானா, அல்லது நற்பண்பின் உடை அணிந்துவரும் கடமை தவறுதலா? இதுவே இத்திங்கள் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

வீட்டுக்கு வாங்கிய குக்கரில் பழுது இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். சேகரிப்புப் பொருள்கள் அப்படிப்பட்டவை அல்ல. பயன்படுத்தாத பழைய அஞ்சல் தலையின் பின்புறத்தில் அச்சகத்தில் தடவிய பசை அப்படியே இருந்தால் அதற்கு விலை அதிகம். எனவே பசை போன தலைக்குப் புதிதாகப் பசை தடவி விற்பவர்கள் உண்டு. பழைய நாணயத்தைத் தேய்த்துத் துலக்கினால் அது பளபளக்கும். ஆனால் சேகரிப்பாளரிடம் அதன் மதிப்புக் குறைந்துவிடும். 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று வெளியான காந்தியடிகள் 10 ரூபாய் அஞ்சல் தலைக்குப் போலிகள் உண்டு என்பதை அத்துறையில் பழகியவர்கள் நன்கு அறிவார்கள். புதிதாகச் சேர்க்கத் தொடங்கிய பள்ளி மாணவன் அறிவானா?

போலியின் துணிவுக்கு ஓர் எல்லையே இல்லை. பிரபலமானவர்களின் கையொப்பங்களைப் பொய்யாக இட்டு விற்ற கூட்டத்தினரை, 1990களின் இறுதியில் அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வுத் துறை 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் நடத்திய விசாரணையில் வளைத்துப் பிடித்தது. அவர்கள் விளையாட்டு வீரர்களின் பெயரோடு நிற்கவில்லை. அன்னை தெரேசாவின் கையொப்பத்தையும் ஒரு பேஸ்பால் பந்தில் பொய்யாக இட்டிருந்தார்கள்! இத்தகைய சந்தையில், முன்பு வாங்கியவர் சொல்லும் உண்மையே அடுத்து வாங்க வருபவருக்கு விளக்கு. அவர் வாயை மூடிக்கொண்டால், பின்னே வருபவர் இருளில்தான் நடக்க வேண்டும்.

இந்த விளக்கை ஏற்றிவைக்கும் எண்ணம் தோன்றிய வரலாறு சுவையானது. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஒமித்யார் என்பவர் இணையத்தில் ஓர் ஏலக்கூடத்தைத் தொடங்கினார். பின்னர் 'ஈபே' என்று உலகெங்கும் பெயர் பெற்றது இதுவே. பழம்பொருள்களும் சேகரிப்புப் பொருள்களும் அங்கே மிகுதியாகக் கைமாறின. வாங்குவோரும் விற்போரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆகவே சச்சரவுகள் எழுந்தன. எல்லா வழக்குகளுக்கும் தாமே நடுவராக இருக்க இயலாது என்று கண்ட ஒமித்யார், 1996ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். நன்மை கண்ட இடத்தில் பாராட்டுங்கள், குறை கண்ட இடத்தில் முறையிடுங்கள். இரண்டையும் எல்லாரும் பார்க்கும்படி எழுதுங்கள் என்பதே அதன் சாரம்.

நடந்தது என்ன? பாராட்டு பெருகியது, முறையீடு மறைந்தது. எழுதப்பட்ட கருத்துரைகளில் ஏறத்தாழ 99 விழுக்காடு பாராட்டாகவே இருந்தன. மனிதர்கள் அவ்வளவு நேர்மையாளர்களாக ஆகிவிட்டார்களா? அப்படி இல்லை. அக்காலத்தில் விற்பவரும் வாங்குபவரைப் பற்றிக் குறை எழுதலாம். நீங்கள் உண்மையைச் சொன்னால், மறுகணமே அவர் உங்கள் பெயரின் மீது ஒரு கறையைப் பூசிவிடுவார். இந்தப் பழிவாங்கலுக்கு அஞ்சியே பலர் மௌனம் காத்தனர்.

டெல்லரோகாஸ், உட் என்னும் இரு ஆய்வாளர்கள் ஈபேயில் நடந்த 51,000க்கும் மேற்பட்ட அரிய நாணய ஏலங்களை ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டு தங்கள் முடிவை வெளியிட்டனர். எழுதப்பட்ட சொற்களை மட்டுமன்றி, எழுதாமல் விடப்பட்ட மௌனத்தையும் அவர்கள் கணக்கில் எடுத்தனர். அப்படிப் பார்த்தபோது, உண்மையில் மனநிறைவு கொண்ட வாங்குவோர் ஏறத்தாழ 79 விழுக்காட்டினரே என்று மதிப்பிட்டனர். 99 எங்கே, 79 எங்கே! இடையில் உள்ள அந்த இருபதும் நல்லவர்கள் விழுங்கிக்கொண்ட உண்மை அல்லவா?

அதே 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் ஈபே தன் விதியை மாற்றியது. அன்றுமுதல் விற்பவர்கள் வாங்குவோரைப் பற்றிக் குறை எழுத முடியாது. அச்சம் நீங்கியதும் வாங்குவோர் மனம்விட்டு எழுதலாயினர். "இதனால் எத்தனை வணிகர்களின் பிழைப்பு கெட்டதோ!" என்று இரக்கமுள்ள நெஞ்சங்கள் கேட்கும். இந்த மாற்றத்தின் விளைவை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டு பொருளியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியான கட்டுரை இதற்கு விடை தருகிறது. விற்பனையாளர்கள் கூட்டமாகச் சந்தையை விட்டு ஓடவில்லை; மாறாக, அவர்கள் திருந்தினார்கள். அதற்கு முன் குறைந்த மதிப்புப் பெற்றிருந்தவர்களிடம்தான் இந்த முன்னேற்றம் மிகுதியாகக் காணப்பட்டது. நாம் சொல்லும் நேர்மையான குறை ஒருவரை அழிப்பதைவிடத் திருத்துவதே அதிகம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, நம் மனச்சான்றை உறுத்தும் ஐயத்துக்கு வருவோம். பிறர் பெயரைக் கெடுப்பது எட்டாம் கட்டளைக்கு மாறானது அன்றோ என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் போற்றத்தக்கதே. ஆனால் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இக்கட்டளையை விளக்கும்போது மூன்று பிழைகளைப் பிரித்துக் காட்டுகிறது: போதிய ஆதாரமின்றி ஒருவரைக் குற்றவாளி என முடிவு கட்டுவது, தக்க காரணமின்றிப் பிறர் குறையை அதை அறியாதவரிடம் வெளியிடுவது, பொய்யுரைத்துப் பெயரைக் கெடுப்பது. இரண்டாவதில் வரும் 'தக்க காரணமின்றி' என்ற சொற்களைக் கவனியுங்கள். அடுத்த வீட்டுத் திண்ணையில் பொழுதுபோக்காகப் பேசுவது வேறு. பணம் கொடுக்கப் போகிறவரை எச்சரிக்கும்பொருட்டு, கேட்கப்பட்ட இடத்தில், நடந்ததைக் கூறுவது வேறு. முன்னது புறணி; பின்னது சான்று. சான்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் மூடுவது அருளுடைமை ஆகாது.

எனினும் இந்த உரிமையைக் கூரிய கத்தியைப்போல் கவனமாகக் கையாள வேண்டும். நற்பெயர் என்பது வணிகருக்கு வெறும் அலங்காரம் அன்று. அதுவே அவருடைய முதல். பழைய படஅஞ்சலட்டைகளை வைத்து ஒரு சோதனை நடத்தப்பட்டு, 2006ஆம் ஆண்டு அதன் முடிவு வெளியானது. ஒரே விற்பனையாளர் ஒத்த தன்மையுள்ள அட்டைகளைத் தம் பழைய நற்பெயரிலும், யாரும் அறியாத புதுப் பெயர்களிலும் விற்றுப் பார்த்தார். நற்பெயரில் விற்றவற்றுக்கு வாங்குவோர் ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க முன்வந்தனர். ஆகவே, மிகைப்படுத்தி எழுதும் ஒரு சொல் ஒரு குடும்பத்தின் உணவில் கை வைப்பதாகிவிடும். மறைத்துவிடும் ஓர் உண்மையோ மற்றொரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்துவிடும். இரண்டுக்கும் நாம் பொறுப்பாளிகளே.

அப்படியாயின் எப்படி எழுதுவது? சில நெறிகளை மனத்தில் கொள்வோம்.

முதலாவது, விற்பவரிடமே முதலில் பேசுங்கள். தவறு செய்த சகோதரனைத் தனியே கண்டு பேசும்படி மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் காட்டும் வரிசை இங்கும் பொருந்தும். பொருளின் படங்களை எடுத்து அனுப்பி, மறுமொழிக்குச் சில நாள்கள் காத்திருங்கள். நேர்மையான வணிகருக்கும் கை தவறும். அவர் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தால், அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இரண்டாவது, விளம்பரத்தை மீண்டும் ஒருமுறை படியுங்கள். "ஓரத்தில் சிறு கிழிசல் உண்டு" என்று அதிலேயே எழுதியிருக்க, நாம் படிக்காமல் வாங்கிவிட்டுக் குறை சொல்வது நியாயம் ஆகாது. அஞ்சல் துறையின் தாமதத்தை விற்பவர் தலையில் கட்டுவதும் அப்படியே.

மூன்றாவது, நடந்ததை எழுதுங்கள்; நெஞ்சில் உள்ளதைத் தீர்ப்பிடாதீர்கள். ஒரு பொருள் போலியாக இருக்கலாம். விற்றவரும் ஏமாந்தவராக இருக்கலாம். "மோசடிப் பேர்வழி! யாரும் இவரிடம் வாங்காதீர்கள்!" என்று எழுதினால், அதில் உங்கள் சினம் தெரியும், வேறொன்றும் தெரியாது. அதற்குப் பதிலாக இவ்வாறு எழுதிப் பாருங்கள்: "நாணயம் துலக்கப்படாதது என்று விளம்பரத்தில் இருந்தது. வந்த நாணயத்தின் இரு புறமும் துலக்கிய கீறல்கள் உள்ளன. மூன்றாம் நாளே படங்களோடு தெரிவித்தேன். பத்து நாள்களாக மறுமொழி இல்லை." இதில் ஒரு வசைச் சொல்லும் இல்லை; ஆயினும் அடுத்தவர் அறிய வேண்டியது அனைத்தும் இருக்கிறது. விற்பவர் மறுத்துரைக்க விரும்பினால், அதற்கும் இடம் இருக்கிறது.

நான்காவது, கருத்துரையைப் பேரம் பேசும் கருவி ஆக்காதீர்கள். "பாதிப் பணத்தைத் தராவிட்டால் உங்களைப் பற்றித் தவறாக எழுதுவேன்" என்று மிரட்டுவதை ஈபேயின் விதிகளே தடை செய்கின்றன. அவ்வாறே, "நல்லவிதமாக எழுதினால் பரிசு தருகிறேன்" என்று விற்பவர் கூறினாலும் இசையாதீர்கள். விலைபோன சான்று சான்றே அன்று.

ஐந்தாவது, பணத்தைத் திரும்பப் பெறும் வழி வேறு, கருத்துரை வேறு என்பதை மறவாதீர்கள். பொருள் விளம்பரத்துக்கு மாறாக இருந்தால், தளத்தின் விதிப்படி உரிய காலத்துக்குள் முறையிடுங்கள். நம் நாட்டில் வாங்குவோருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

சட்டத்தின் துணையும் நேர்மையாளருக்கு உண்டு. வாடிக்கையாளர் உண்மையான கருத்தை எழுதக்கூடாது என்று ஒப்பந்தத்தில் வாய்ப்பூட்டுப் போடுவது செல்லாது என அமெரிக்கா 2016ஆம் ஆண்டு சட்டம் இயற்றியது. விற்பவரே நுகர்வோர்போல் நடித்துத் தம் பொருளைப் பற்றிக் கருத்துரை எழுதுவதை இந்தியாவின் மின்வணிக விதிகள் 2020ஆம் ஆண்டிலிருந்து தடுக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இணையக் கருத்துரைகளுக்கென 2022ஆம் ஆண்டு ஒரு தரவிதியை வெளியிட்டது. அவதூறு பற்றிய நம் சட்டமும், பொதுநன்மைக்காகச் சொல்லப்படும் உண்மைக்கு விலக்கு அளிக்கிறது. உண்மை, பொதுநன்மை ஆகிய இரண்டும் அதில் இணைந்தே நிற்கின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகனோ மகளோ ஆசையாய் வாங்கிய அஞ்சல் தலை குறையுள்ளதாய் வந்து சேர்ந்தால், "விடு, வேறு வாங்கித் தருகிறேன்" என்று முடித்துவிடாதீர்கள். பிள்ளையை அருகில் அமர்த்தி, என்ன சொன்னார்கள், என்ன வந்தது, நாம் என்ன கேட்டோம், என்ன பதில் கிடைத்தது என்று நான்கு வரிகள் எழுதச் செய்யுங்கள். எழுதியதைச் சினம் தணிந்தபின், மறுநாள் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மிகையான சொல் இருந்தால் பிள்ளையே அதை அடித்துவிடும். கோபம் இன்றி உண்மை பேசுவது எப்படி என்பதைப் பாடநூல் கற்பிப்பதைவிட இந்த நான்கு வரிகள் நன்றாகக் கற்பிக்கும்.

நல்ல வணிகர்களை வாயாரப் புகழுவோம்; அது அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன். ஆனால் எல்லாரையும் ஒன்றுபோல் புகழ்ந்தால், நல்லவருக்குக் கிடைக்கும் புகழ்ச்சியும் செல்லாக்காசாகிவிடும். குறையைக் குறையென்று அமைதியாகச் சொல்லும் துணிவு நமக்கு இருக்கும்போதுதான், நிறையை நிறையென்று நாம் சொல்லும் சொல்லையும் உலகம் நம்பும்.