ஓட்டுநரைத் தண்டித்தால் சாலை பாதுகாப்பாகிவிடுமா?

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தோரின் பிள்ளைகள் பிழைப்புக்காகப் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். லாரி ஓட்டவும் செல்கின்றனர். நிலத்தடியில் எட்டு மணி நேரமே வேலை என்பதைச் சுரங்கச் சட்டம் உறுதி செய்தது. தங்கவயல் வட்டாரத்தைக் கடக்கும் பெங்களூரு-சென்னை விரைவுச்சாலையில் லாரி ஓட்டுபவருக்கு அந்த உறுதி எங்கே?

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எட்டு மணி நேரத்தைப் பொது வரம்பாக்கியது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரைமணி ஓய்வைக் கட்டாயமாக்கியது. ஐந்து தொழிலாளர் இருந்தாலே அது பொருந்தும். அதன் இடத்தில் ஒன்றிய பாஜக அரசு இயற்றிய 2020 பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையைப் பத்தாக உயர்த்தியது. நாட்டின் லாரிகளில் பெரும்பகுதி, ஒருசில வண்டிகளே வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுடையவை. அவற்றை ஓட்டுவோர் சட்டத்திற்கு வெளியே தள்ளப்பட்டுள்ளனர்.

தண்டிக்க மட்டும் அரசு தயங்கவில்லை. கவனக்குறைவாக ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் தப்பிச் செல்லும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு. 2024 ஜனவரியில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்த பின்னரே அது நிறுத்திவைக்கப்பட்டது, நீக்கப்படவில்லை.

டீசல், சுங்கம், கடன் தவணை ஆகியவற்றுக்கு நடுவே தேய்ந்த டயரும் பழுதான பிரேக்கும் மாற்றப்படாமலே வண்டி புறப்படுகிறது. சரக்கு சேரும் நேரத்தை நிர்ணயிக்கும் பெருநிறுவனமோ எந்த வழக்கிலும் சிக்குவதில்லை. புதிய லாரிகளில் குளிர்சாதன அறை கட்டாயமானது நல்லதே. உறக்கத்திற்கு அது ஈடாகாது.

எண்ணிக்கை வரம்பின்றி எல்லா ஓட்டுநருக்கும் வேலைநேர வரம்பு, நெடுஞ்சாலை ஓய்வறைகள், பராமரிப்புக்குச் சரக்கு நிறுவனங்களின் பொறுப்பு, 106(2) பிரிவு நீக்கம்: இவையே சாலைப் பாதுகாப்பு. இவற்றை வென்றெடுக்க ஓட்டுநர்களோடு தொழிலாளி வர்க்கம் முழுவதும் அணிதிரள வேண்டும்.