கண்ணாடியும் தராசும்

எமரால்டுக்கும் ஆளுமைப் பயிற்சி வந்து சேர்ந்துவிட்டது. போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளிர் குழுப் பெண்கள் நாற்பது பேரைக் கூட்டிவைத்து ஒருநாள் வகுப்பு. தன்னை அறிதல், தலைமைப் பண்பு, வாழ்க்கையில் வெற்றி. நானும் போய் உட்கார்ந்தேன்.

பயிற்சியாளர் ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்தார். "இதுல தெரியறவங்கதான் உங்க வெற்றிக்குக் காரணம், தோல்விக்கும் காரணம். வேற யார் மேலயும் பழி போடாதீங்க" என்றார்.

பின்வரிசையில் ஒரு அக்கா எழுந்தார். கொழுந்து பறிக்கிறவர். "சார், எங்க இடத்துல நிறுவையில நாளைக்கு நாலு கிலோ கழிக்கிறாங்க. காயற வெயில்லயும் ஈரக் கழிவுங்கிறாங்க. அதுக்கும் நான்தான் காரணமா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. "இதுதாம்மா எதிர்மறைச் சிந்தனை. பிரச்சினையைப் பேசாதீங்க, தீர்வைப் பேசுங்க."

வகுப்பில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். புருசன் பேரைச் சொல்லியே பழகிய பெண்கள் மைக்கைப் பிடித்துத் தங்கள் பேரைச் சொன்னார்கள். அது சின்ன விசயமில்லை. ஆனால் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, திறந்ததும் பொத்துவதற்குப் பேர் என்ன?

தன்னை அறி என்கிறீர்களே, எங்களை நாங்கள் கண்ணாடியில் எப்படி அறிவது? என் அப்பாயி முகத்தைக் கண்ணாடியில் பார்த்தால் சுருக்கம் தெரியும். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் எங்கள் சனங்களை நாடற்றவர்களாக்கியது தெரியுமா? 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்துக்கொண்டது தெரியுமா? அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதி என்று அறுத்தார்களே, அது தெரியுமா? தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்து, மறுபடியும் அதே கொழுந்துக் கூடை. அங்கே தோட்டக்காட்டான். இங்கே சிலோன்காரன். அதற்கும் கீழே தோண்டினால் பள்ளன், பறையன், சக்கிலியன். பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து தேய்ந்த செருப்பில் இருக்கிறது எங்கள் சுயசரிதை.

உள்ளே பார், உள்ளே பார் என்கிற இந்த வித்தையை எங்களவர் ஒருவர் இதே நீலகிரியில் எப்போதோ பரிசோதித்துப் பார்த்துவிட்டார். அயோத்திதாசப் பண்டிதர். 1870களில் இங்கே அத்வைதானந்த சபை கண்டவர். எல்லா உயிரும் ஒன்று என்பதைவிடப் பெரிய தன்னறிவு உண்டா? 1892இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்தில், அப்படியானால் எங்களுக்கும் சிவன் கோயிலை, விஷ்ணு கோயிலைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டார். உங்களுக்குத்தான் மதுரை வீரனும் காட்டேரியும் இருக்கிறார்களே என்று பதில் வந்தது. ஆன்மா ஒன்று, வாசல் வேறு!

பண்டிதர் சுருண்டு உட்காரவில்லை. என் மனசில் என்ன குறை என்று கேட்கவுமில்லை. எங்களைத் தாழ்த்தியவன் யார், எப்போது, எதற்காக என்று கேட்டார். 1898இல் இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுவந்து சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தி, நாம் யார் என்று வாரம்தோறும் எழுதினார். அதற்கும் முன்பே, 1891 திசம்பர் 1ஆம் தேதி, இதே நீலகிரியில் மாநாடு கூட்டி, எங்களை இழிவாகப் பேசுவதைத் தண்டிக்கவும் எங்கள் பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் தீர்மானங்கள் போட்டார். அது தன்னறிவு. இது தலைமை. ரெண்டுக்கும் கண்ணாடி தேவைப்படவில்லை.

கதை அங்கே முடியவில்லை. வகுப்பு கொடுத்த தைரியத்தில் அந்த அக்கா மறுநாளே தராசுக்கு முன்னால் தனியாக நின்று கேட்டார். மூணு நாள் வேலை இல்லை. அன்றைக்கு அடுப்பு எரியாத வீட்டுக்குப் பயிற்சியாளர் வந்தாரா? தனி மனுசியின் தன்னம்பிக்கை தனி மனுசியின் பட்டினியில்தான் முடியும். சங்கம் என்ற சொல்லை அந்த வகுப்பில் ஒருதரம்கூட உச்சரிக்கவில்லையே, ஏன் என்று இப்போது புரிகிறதா?

நாலாம் நாள் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து போனார்கள். யாருக்கும் பேச்சுப் பயிற்சி கிடையாது. "அக்காவுக்கு வேலை இல்லேன்னா எங்களுக்கும் இல்லை" என்று கூடையை இறக்கிவைத்தார்கள். அக்காவுக்கு வேலை கிடைத்தது. கழிவு நாலிலிருந்து ரெண்டானது. அந்த ரெண்டும் திருட்டுதான், அதையும் கேட்போம்.

பயிற்சி தர வருகிற ஐயாமாரே, வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூலிச் சீட்டை வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கான சட்டத்தில் வீடு, தண்ணீர், கக்கூஸ், பிள்ளைக் காப்பகம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள். எடை எழுதும்போது எட்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். குறை எங்கள் மனசில் இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். அது தராசில் இருக்கிறது.

அந்தக் கைக்கண்ணாடிகளை எங்கள் பெண்கள் தூக்கிப் போடவில்லை. பொட்டு வைக்க உதவுகிறது.