கர்ணனுக்கு எத்தனை புள்ளி?

செல்போன் விளையாட்டில் வாள் சுழற்றும் வீரனுக்குக் கால் ஒடிந்தால் என்ன நடக்கிறது? ஒரு குப்பி மருந்தைக் குடிக்கிறான். மறு நொடியே எழுந்து ஓடுகிறான். இந்த அதிசயத்தைப் புத்தூர்ப் பிள்ளைகளும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வதுதான் வேடிக்கை. கை கால் முறிந்தவர்கள் நாலா திசையிலிருந்தும் வந்து இறங்கும் ஊர் அது. பச்சிலையும் முட்டை வெண்கருவும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்களை அங்கே தினமும் பார்க்கலாம்.

விளையாடுகிறவர்களோடு நின்றுவிட்டால் இதைப் பேச வேண்டியதில்லை. ஆனால் விளையாட்டைத் தாமே உருவாக்க முனையும் வாலிபர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் அவர்கள், சம்பளம் கிடையாது. ஜப்பானில் பிறந்த 'ஆர்.பி.ஜி. மேக்கர்' போன்ற மென்பொருளும், காசில்லாமல் கிடைக்கும் 'கோடோ'வும் அதற்கு வழி செய்துவிட்டன. ஒரு சாதாரண கம்ப்யூட்டரும் பொறுமையும் இருந்தால் கல்லூரி மாணவர் ஒருவர் தனியாகவே வேடமேற்று ஆடும் விளையாட்டொன்றைச் செய்து முடிக்கலாம். கருவி கைக்கு வந்துவிட்டது. கற்பனை மட்டும் ஏன் இன்னும் இரவல்?

இரவல் சட்டை

இவ்வகை விளையாட்டின் மூலம் அமெரிக்காவில் இருக்கிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 1974ஆம் ஆண்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். பொம்மைப் படைகளை மேஜை மேல் நகர்த்தும் போர் விளையாட்டிலிருந்து வளர்ந்தது அது. வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், ஆளுமை என்று ஆறு குணங்களுக்கு எண் கொடுத்தார்கள். உயிருக்குப் புள்ளி வைத்தார்கள். அடி விழுந்ததா இல்லையா என்று தீர்மானிக்க இருபது பக்கப் பகடையை உருட்டினார்கள். பிறகு வந்த கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கையே தழுவியவை.

அந்தக் கணக்கில் குற்றமில்லை. அதன் கூடவே வரும் கோட்டை, நாகப்பறவை, மந்திரக்கிழவன் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்வதுதான் குறை. கதாநாயகனுக்கு வலிமை 18, லாவகம் 16 என்று எழுதிவிட்டால் பாத்திரம் பிறந்துவிட்டதாக நினைப்பது அதைவிடப் பெரிய குறை. எண்ணால் அளவு தெரியும். ஆள் எப்படிப்பட்டவன் என்பது தெரியாது.

கூத்துக் களத்தில் கிடைப்பது

ஆள் எப்படிப்பட்டவன் என்பதைக் காட்டும் கலை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில்களும் தர்மராஜர் கோயில்களும் ஏராளம். திருவிழா நாட்களில் பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் உருவம் படுகளத்தில் கிடக்கும். பீமன் தொடையைப் பிளப்பான். திரௌபதி கூந்தல் முடிப்பாள். தீமிதியோடு விழா நிறையும். தமிழர், தெலுங்கர் என்ற பேதமில்லாமல் ஊரே கூடிப் பார்க்கும் காட்சி அது.

தெருக்கூத்தில் பாத்திரம் எப்படி அறிமுகமாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இருவர் திரை பிடிக்கிறார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்த வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைப் பாடுகிறார். கட்டியக்காரன் குறுக்கிட்டு, யார், எவர் என்று குடைந்து கேட்கிறான், கேலியும் செய்கிறான். திரை விலகுவதற்குள் பிறந்த குலம், கொண்ட பகை, செய்த சபதம் மூன்றும் சபைக்குத் தெரிந்துவிடும். பாத்திரத்தை வடிவமைப்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது?

சண்டைக்கும் பாடம் அங்கேயே இருக்கிறது. 'கர்ண மோட்சம்' பார்த்தவர்களுக்குக் கர்ணனின் கணக்கு தெரியும். உடலோடு பிறந்த கவசமும் குண்டலமும் இருக்கும்வரை அவனை வெல்ல முடியாது. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத குணத்தால் இரண்டையும் இழந்தான். பதிலுக்கு இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் ஒரே ஒரு முறைதான் பயன்படும். அர்ச்சுனனுக்கென்று காத்து வைத்திருந்ததை, படை அழிவது பொறாமல் கடோத்கசன் மேல் எறிய நேர்ந்தது. கற்ற வித்தை வேண்டிய நேரத்தில் மறந்துபோகும் என்பது பரசுராமர் சாபம். இத்தனையும் சேர்ந்து கர்ணனுக்கு எத்தனை புள்ளி போடுவது? எந்த அட்டவணையிலும் அடங்காது. அதனால்தான் விடிய விடிய ஜனங்கள் கண்விழித்துப் பார்க்கிறார்கள்.

அபிமன்யுவுக்குச் சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரியும்; வெளியேறத் தெரியாது. ஒரே வரி விதி. அந்த வரியிலிருந்து ஒரு போர்க்களமே எழுந்து நிற்கிறது. கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது தர்மம். துரியோதனன் தொடையைப் பிளப்பேன் என்பது பீமன் சபதம். ஒன்றைக் காத்தால் மற்றது போகும். பலத்துக்கு நிபந்தனையும், வெற்றிக்கு விலையும் இருக்க வேண்டும் என்பதே கூத்து சொல்லும் சூத்திரம். விளையாட்டு செய்கிறவர் தம் வீரனால் என்ன முடியும் என்பதற்கு முன்னால், அவனால் என்ன முடியாது என்பதை எழுதட்டும்.

தாயக்கட்டைக் கணக்கு

பகடைக்கும் கடல் கடக்க வேண்டியதில்லை. இருபது பக்கப் பகடையில் எந்த எண்ணுக்கும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்புதான்; ஒன்றும் இருபதும் சமம். வீட்டில் உருட்டும் தாயக்கட்டை அப்படியல்ல. ஒரு கட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என நான்கு பக்கங்கள். இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் மூன்று விழ 4 வழி, தாயம் விழ 2 வழி. இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு ஆவதற்கு ஒரே வழி. சாதாரண அடி அடிக்கடியும் அபூர்வ அடி எப்போதாவதும் விழும்படி சண்டையை அமைக்க விரும்புகிறவருக்கு இந்தக் கணக்கு ஆயத்தமாகக் கிடைக்கிறது. தாயம் விழுந்தால்தான் காயை இறக்கலாம் என்ற விதியில் உள்ள தவிப்பைப் பாட்டிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

காயத்துக்கும் அப்படியே. ஒரு சண்டையில் கை முறிந்த வீரன் அடுத்த பத்து நாள் பயணத்தில் வில் எடுக்க முடியாது என்று புத்தூர்க்காரர் ஒருவர் விதி எழுதினால், வாளை உருவுமுன் ஆடுகிறவர் யோசிப்பார். பேசித் தீர்க்க முடியுமா என்று பார்ப்பார். டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் பெரும்பாலும் தனியாளாக உருவாக்கி 2015இல் வெளியிட்ட 'அண்டர்டேல்' விளையாட்டை ஒருவரையும் கொல்லாமலே ஆடி முடிக்கலாம். உலகெங்கும் அது கொண்டாடப்பட்டது. வெட்டும் குத்தும் குறைந்தால் ஆட்டம் ருசிக்காது என்ற எண்ணம் தவறு.

இரண்டு ஆட்சேபங்கள்

கோயிலில் கும்பிடும் தெய்வங்களைப் பொத்தானை அழுத்தி அடிக்கும் பொம்மைகளாக்கலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேண்டியது பாரதத்தின் பெயர்கள் அல்ல, அதன் கட்டுமானம்தான். நகரித் தறிக்காரர், மாந்தோப்புக் காவலாளி, சந்திரகிரிக் கோட்டைச் சிப்பாய் என்று சொந்தப் பாத்திரங்களைப் படைத்து, அவர்களுக்கு ஒரு சபதமும் ஒரு குறையும் கொடுக்கலாம்.

படிப்பு கெடும் என்பது இரண்டாவது ஆட்சேபம். ஆடுவதில் அளவு வேண்டும் என்பது உண்மையே. ஆனால் உருவாக்குவது வேறு வேலை. கணக்கு, ஓவியம், இசை, வசனம் நான்கும் தெரியாமல் ஒரு சிறு விளையாட்டைக் கூட முடிக்க இயலாது.

வசனம் என்ற இடத்தில்தான் ஆந்திரத் தமிழர் ஊன்றி யோசிக்க வேண்டும். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது; புத்தூர் ஆந்திரத்தில் நின்றது. எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் வீட்டில் தமிழ் நிலைத்தது. ஆனால் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கும் பேரப்பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுகிறார்கள். எழுத்தைப் பார்த்தால் விழிக்கிறார்கள். வேடமேற்று ஆடும் விளையாட்டில் திரைக்குத் திரை வசனம் படித்தாக வேண்டும். படிக்காவிட்டால் அடுத்த ஊருக்குப் போக முடியாது. பாடப் புத்தகத்தைத் தொடாத பிள்ளையும் அதற்காக எழுத்துக் கூட்டும்.

தமிழில் செய்தால் யார் பார்ப்பார்கள் என்று தயங்கவும் வேண்டாம். கனடாவின் டொரான்டோவிலிருந்து 2023இல் வெளிவந்த 'வெண்பா', குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைச் சொல்லும் விளையாட்டு. இட்லியும் புட்டும்தான் அதில் சாகசம். 2024இல் அதற்குப் பிரிட்டனின் 'பாஃப்டா' அறிமுக விளையாட்டு விருது கிடைத்தது.

கூத்து வாத்தியார்கள் இருக்கும்போதே போய்க் கேட்க வேண்டும். எந்த வேஷத்துக்கு எந்த நடை, எந்த ராகம், எந்த இடத்தில் தோற்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களிடம் மனப்பாடமாக இருக்கிறது. எழுதி வைத்தவை கொஞ்சம். அடுத்த திருவிழாவில் மிருதங்கச் சத்தம் கேட்கும்போது, கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு களத்தின் ஓரத்தில் உட்கார நான்கு வாலிபர்கள் புத்தூரில் கிடைக்க மாட்டார்களா?