ஆறு மூடப்பட்டால் இழப்பு யாருக்கு?

நார்வேயில் 2024 ஜூன் மாதம், சால்மன் மீன்பிடிப் பருவம் தொடங்கி நான்கு வாரங்கள்கூட நிறைவடையாத நிலையில், 33 ஆறுகளில் சால்மன் பிடிக்க அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை தடை விதித்தது. கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் மீன்கள் அஞ்சத்தக்க அளவுக்குக் குறைந்ததே காரணம். உலகெங்குமிருந்து தூண்டில் ஆர்வலர்கள் தேடி வரும் கௌலா, ஓர்க்லா ஆறுகளும் அவற்றில் அடங்கும். இதைச் சுற்றுச்சூழல் செய்தியாகவே பலரும் படித்தனர். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், நான் இதை ஒரு தொழிலாளர் செய்தியாகவும் பார்க்கிறேன்.

நம் மீன் சந்தைகளில் காலா மீனை ‘இந்தியன் சால்மன்’ என்று விற்பதுண்டு. அது வேறு இனம். அட்லாண்டிக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன். நார்வேயில் ஆற்றங்கரை நில உடைமையாளர்களுக்கே மீன்பிடி உரிமை உண்டு. அவர்கள் அதை நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் விருந்தினருக்கு விற்கிறார்கள். அந்த விருந்தினரை ஆற்றில் இறக்கி, நீரோட்டத்தின் போக்கையும் மீன் தங்கும் மடுவையும் காட்டி, எந்தப் பொய்யிரையை எப்படி வீசுவது என்று கற்றுக்கொடுப்பவர்தான் வழிகாட்டி. கோடையின் சில வாரங்களே அவருக்கு வருவாய்க் காலம்.

ஆற்றுக்குள் நுழைந்துவிட்ட சால்மன் இரை உண்பதில்லை. ஆகவே நல்ல பருவத்திலும் அது தூண்டிலில் சிக்குவது அரிது. வழிகாட்டி விற்பது மீனை அன்று, நம்பிக்கையை. வறண்ட பருவத்தில் அந்தச் சரக்கின் தரத்தை அவர் மட்டுமே அறிவார். பல மாதங்களுக்கு முன்பே பணம் கட்டிவிட்ட விருந்தினருக்கு அது தெரியாது. சந்தையில் ஒரு தரப்புக்கு மட்டுமே தெரிந்த தகவல் என்ன விளைவை உண்டாக்கும் என்பதை 1970இல் ஜார்ஜ் அகர்லோஃப் விளக்கினார். உண்மையைச் சொன்னால் விருந்தினர் இந்த ஆண்டு வரமாட்டார்; மறைத்தால் இனி எந்த ஆண்டும் வரமாட்டார். நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை நெருங்கும் நாளில், பிடித்துத் திரும்ப விட்ட மீனும் பிழைப்பது கடினம். ‘இன்று தூண்டில் வேண்டாம்’ என்று அன்று சொல்லும் வழிகாட்டி, தன் கூலியையும் சேர்த்தே தள்ளிவைக்கிறார். நேர்மைக்கு இவ்வளவு உடனடியான விலை கொடுக்கும் தொழில்கள் சிலவே.

மீன் குறைந்ததற்கு வழிகாட்டியா காரணம்? நார்வே ஆறுகளுக்குத் திரும்பும் சால்மன்களின் எண்ணிக்கை 1980களில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2023 டிசம்பரில் இவ்வினத்தை ‘அச்சுறுத்தலை நெருங்கும்’ பட்டியலில் சேர்த்தது. 2006க்கும் 2020க்கும் இடையே உலக அளவில் இதன் எண்ணிக்கை 23 சதவீதம் சரிந்ததாகவும் அது கூறியது. கடல் வெப்பமடைவதும் அதனால் இரை குறைவதும் இதற்கு ஒரு காரணம். மற்றொன்று கரையோரக் கூண்டுகளில் நடக்கும் சால்மன் வளர்ப்பு. உலகில் வளர்க்கப்படும் அட்லாண்டிக் சால்மனில் பாதிக்கு மேல் நார்வேயில்தான் வளர்கிறது. அக்கூண்டுகளில் பெருகும் கடல் பேன், ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் இளமீன்களைத் தாக்குகிறது. கூண்டிலிருந்து தப்பும் மீன்கள் காட்டு மீன்களோடு கலந்து மரபணுத் தூய்மையைக் கெடுக்கின்றன.

பொருளாதாரத்தில் இதைப் புறவிளைவு என்போம்: இலாபம் ஓரிடத்தில், செலவு வேறிடத்தில். நார்வே அரசு இதை அறியாததன்று. 2017 முதல் கடற்கரையை 13 மண்டலங்களாகப் பிரித்து, கடல் பேனின் பாதிப்பைப் பொறுத்து பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் குறித்து, உற்பத்தியை 6 சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. 2023இல் சால்மன் வளர்ப்பின்மீது 25 சதவீத இயற்கைவள வாடகை வரியையும் விதித்தது. ஆனால் இரு நடவடிக்கைகளின் வேகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிவப்பு மண்டலக் கூண்டுகளுக்கு 6 சதவீதக் குறைப்பு. ஆற்று வழிகாட்டிக்கோ ஒரே இரவில் 100 சதவீத நிறுத்தம்.

தடை தவறு என்று நான் வாதிடவில்லை. முட்டையிட வரும் மீன் அருகிவிட்ட ஆண்டில் ஒவ்வொரு தாய்மீனும் விலைமதிப்பற்றது. கேள்வி, தடையின் சுமை எப்படிப் பகிரப்படுகிறது என்பதே. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அதற்கென மீனவக் குடும்பங்களுக்கு 8,000 ரூபாய் நிவாரணம் உண்டு. தொகை போதாது என்பது உண்மை. எனினும் தேதி முன்கூட்டியே தெரிகிறது. பொது நன்மைக்காக ஒருவர் வேலையை நிறுத்தினால் பொதுப்பணம் அவருக்கு ஈடு தர வேண்டும் என்ற கொள்கையும் ஏற்கப்பட்டிருக்கிறது. பருவத்தின் நடுவே மூடப்படும் ஆற்றுக்கும் இக்கொள்கை பொருந்தும். அதற்கான நிதியைக் கூண்டு மீன் வரியிலிருந்து ஒதுக்குவதே நியாயம்.

வழிகாட்டியை இழப்பதில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. காவிரியில் கர்நாடகத்தின் கலிபோர் தூண்டில் முகாமில், 1998 முதல் 2012 வரை விருந்தினர் பிடித்துத் திரும்ப விட்ட மீன்கள் பதிவேட்டில் குறிக்கப்பட்டன. பின்னாளில் அப்பதிவேடுகளை ஆராய்ந்தபோதுதான், காவிரிக்கே உரிய திமில் மஹசீர் மறைந்துவருவதும் வேறொரு மஹசீர் இனம் அதன் இடத்தைப் பிடிப்பதும் புலப்பட்டன. 2018இல் திமில் மஹசீர் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. தூண்டில்காரரின் பதிவேடு அறிவியலுக்குச் சான்றானது. நாள்தோறும் ஆற்றில் நிற்பவரின் கண்ணுக்கு ஈடான கருவி எளிதில் கிடைக்காது.

ஆகவே ஆறு மூடப்படும் ஆண்டுகளில் வழிகாட்டிகளை வீட்டுக்கு அனுப்பாமல், மீன் எண்ணவும், நீரின் வெப்பத்தைக் குறிக்கவும், கூண்டிலிருந்து தப்பி வந்த மீன்களைக் கண்டறியவும் ஊதியத்துடன் அமர்த்தலாம். முன்பணம் செலுத்தும் விருந்தினரிடம், ஆறு மூடப்பட்டால் தொகையில் எவ்வளவு திரும்பும், எவ்வளவு வழிகாட்டிக்குச் சேரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். இவை பெருஞ்செலவு பிடிக்கும் திட்டங்கள் அல்ல. மீன் திரும்பும் ஆண்டில் ஆற்றை அறிந்த மனிதரும் அங்கே இருக்க வேண்டுமானால், மீன் திரும்பாத ஆண்டில் அவர் பிழைத்திருக்க வழி செய்தாக வேண்டும்.