திரும்பும் நேரத்தை முதலில் குறியுங்கள்



மலை என்றதும் அடர்ந்த காடும் கூரிய சிகரமும் நம் மனக்கண்முன் தோன்றும். இங்கிலாந்தின் பீக் மாவட்டத்திலுள்ள கிண்டர் ஸ்கௌட் அவ்வகையைச் சேர்ந்ததன்று. 636 மீட்டர் உயரமே உடைய அதன் உச்சி, மேசையைப் போல் பரந்து கிடக்கிறது. மரங்கள் அரிது. ஹெதர் என்னும் குறுஞ்செடியும் புல்லும், அவற்றின் கீழே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தாவரங்கள் முழுதும் மட்காமல் படிந்த ‘பீட்’ என்னும் கரிய மண்ணுமே அங்குண்டு. இத்தகைய நிலத்தை ‘மூர்’ என்பர்.

பறவை வேட்டைக்கென அடைக்கப்பட்டிருந்த இம்மலையில் 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி ஏறினர். ஐவர் சிறை சென்றனர். 1951-இல் பீக் மாவட்டம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. இன்று அங்கு எவரும் நடக்கலாம்.

உயரம் குறைவுதானே, அச்சம் எதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். 1964 மார்ச்சில் இப்பகுதியின் மூர் நிலங்களில் நடைபெற்ற ஒரு நெடுநடைப் போட்டியில், குளிரும் மழையும் தாக்கி மூன்று இளைஞர்கள் உயிரிழந்தனர். அவர்களைக் கொன்றது பாதாளமன்று. நனைந்த உடலின் மீது வீசிய காற்றேயாகும்.

ஆகவே, நடை தொடங்குவது வீட்டில், வரைபடத்தின் முன்னால்தான். 1:25,000 அளவுள்ள வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர். நேரத்தைக் கணிக்க, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த விதி இன்றும் துணை நிற்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி. 15 கிலோமீட்டர் தொலைவும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு நான்கு மணி நேரம் ஆகும். உணவுக்கும் ஓய்வுக்கும் சேற்றுக்கும் மேலும் இரண்டு மணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் அங்கு மாலை 4 மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

ஈடேல் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, ‘ஜேக்கப்ஸ் லேடர்’ என்னும் ஏற்றத்தின் வழியே கிண்டர் லோவை அடைந்து, மேட்டின் விளிம்பிலேயே ‘கிண்டர் டவுன்ஃபால்’ அருவி வரை சென்று, வந்த வழியே திரும்புவது ஒரு நாளுக்கு ஏற்ற நடை. செல்லும்போது சரிவு இடப்புறம் இருக்கும். திரும்பும்போது வலப்புறம் இருக்கும். மூடுபனி சூழ்ந்தாலும் இவ்விளிம்பு வழிகாட்டும். எனினும் அதனை மிகவும் நெருங்கலாகாது. மேட்டின் நடுவே புகுந்தாலோ, ஆளுயரப் பீட் பள்ளங்கள் நேராக நடக்க விடா. அங்கே திசைகாட்டியைப் பயன்படுத்தத் தெரியாதவர் சுற்றிச் சுற்றி வர நேரிடும்.

பருத்தி ஆடை நீரை உறிஞ்சி உடலைக் குளிர்விக்கும். கம்பளியும் மழையங்கியுமே உகந்தவை. உடன் வருபவர் நடுங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, கால் தடுமாறினாலோ உடனே காற்று மறைவில் அமர்த்தி, உலர்ந்த உடை அணிவித்து, நடையை நிறுத்திவிடுங்கள். உதவி வேண்டுமாயின் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதலை ஊதி, ஒரு நிமிடம் இடைவெளிவிட்டு மீண்டும் ஊத வேண்டும். கைப்பேசி இயங்குமானால் 999-ஐ அழைத்துக் காவல்துறையையும் மலைமீட்புக் குழுவையும் கோரலாம்.

இவை அனைத்திலும் எளியதும் பலர் மறப்பதும் ஒன்றுண்டு. செல்லும் வழி, திரும்பும் நேரம், அந்நேரம் கடந்தால் யாரை அழைப்பது என்பனவற்றைத் தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். குறித்த நேரம் வந்ததும், அருவி கண்ணுக்கெட்டிய தொலைவில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். “வந்து சேர்ந்தேன்” என்று அவர்களிடம் கூறும்போதுதான் அந்நாளின் நடை நிறைவுறுகிறது.