குயிலாப்பாளையத்துக்கு இடம் எங்கே?

1968 பிப்ரவரி 28ந் தேதி, 124 நாடுகளின் மண்ணைத் தாழியிலிட்டு ஆரோவில் நகருக்கு அடிகோலினார்கள். 50,000 பேருக்கான நகரம் என்றது திட்டம். அதன் விளிம்பில் இருக்கிறது வானூர் வட்டத்துக் குயிலாப்பாளையம். பெரிய முதலியார்சாவடியில் திரும்பி மாத்ரி மந்திர் காணச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் இவ்வூர் வழியேதான் போகிறார்கள்.

விடுதிகளும் கடைகளும் பெருகின. பிழைப்பு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் நிலத்தின் விலையும் ஏறியது. விடுதியில் பாத்திரம் துலக்குபவர் சொந்த ஊரில் ஒரு மனை வாங்க முடியுமா?

இப்போக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இத்தாலியின் வெனிஸ் சாட்சி. 1951ல் அதன் பழைய நகரில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022ல் 50,000க்கும் கீழே இறங்கிவிட்டது. குடியிருந்த வீடுகள் விடுதிகளாயின. 2024ல் பகல் பயணிகளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் விதித்தார்கள். வெளியேறிய ஜனங்கள் அதனால் திரும்பி வந்துவிடவில்லை.

1988ம் வருடத்து ஆரோவில் சட்டம் நிர்வாகக் குழு, குடியிருப்போர் சபை, சர்வதேச ஆலோசனைக் குழு என மூன்று அமைப்புகளை வகுத்தது. ஒன்றிலேனும் சுற்றுக் கிராமங்களுக்கென இடமில்லை.

நாம் கோருவது இதுதான்: மனையில்லாதோருக்கு மனைப்பட்டா வழங்குக! விடுதித் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை உறுதி செய்க! நகர்த் திட்டத்தைக் கிராம சபையின் முன் வைத்திடுக!

அடுத்த கிராம சபையில் இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றும்படி ஊர் மக்களை வேண்டுகிறோம்.